நாற்பத்து மூன்று எழுத்துகள்

போன வாரம் டீ குடிக்க மையத்துக்கு வந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒரு பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள். "சார், சர்வர் ரூம் கதவுக்கு மேல கிராஃப் பேப்பர ஃபிரேம் போட்டு மாட்டியிருக்குதே, அது எந்தப் புடவையோட டிசைன்?" என்று கேட்டாள். அது புடவைக்குப் போட்டது இல்லையம்மா என்றேன். அதற்குள் மையத்தின் செயலாளர் வந்து, "அத்தயெல்லாம் எழுதிக் குடுத்துடுங்க சார், புள்ளைங்க படிக்கட்டும்" என்று ஒரு நோட்டை நீட்டிவிட்டார். ஓய்வு பெற்றவனைக்கூடச் சும்மா உட்காரவிட அவருக்கு மனசு வராது.

டன்னல் எப்படிப் போடுவது, எந்தக் கட்டளையை எங்கே அடிப்பது என்பதை எல்லாம் நான் எழுதப் போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் எழுதப் போவது நான் செய்த தப்பைப் பற்றியும், அதை மறைத்து வைத்திருந்த இரண்டு வருடத்தைப் பற்றியும்தான். படித்துவிட்டு என்னைத் திட்டினாலும் பரவாயில்லை. திட்ட வேண்டியவர் ஏற்கெனவே திட்டியாயிற்று.

நெசவாளர்கள் சேர்ந்து நடத்தும் டிசைன் மையம் இது. இங்கே போடும் டிசைன்கள் எல்லாம் நம் சர்வரில் உள்ள டேட்டாபேஸில் இருக்கின்றன. சுற்றுவட்டாரக் கிளைகளில் இருக்கும் தறிகளுக்கு அங்கிருந்துதான் போகின்றன. வெளியே இருக்கும் கணினி டேட்டாபேஸின் கதவை நேராகத் தட்டக் கூடாது. முதலில் சர்வரோடு டன்னல் என்ற ஒரு மூடிய பாதையைப் போட்டுக்கொண்டு, அதற்குள்தான் போய்வர வேண்டும். நடுவில் யார் நின்று எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் விளங்காது. இதை எல்லோருக்கும் விளக்கிச் சொன்னவன் நான். இதை மீறிய முதல் ஆளும் நானேதான்.

சர்வர் வந்த அன்று பூஜை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, நல்ல நேரம் பார்த்துச் சுவிட்சைப் போட்டோம். டேட்டாபேஸின் பாஸ்வேர்டாகப் பெருமாள் பெயரை வைத்தோம். வேறு எதையாவது வைத்திருந்தால் செயலாளர் முகம் வாடியிருக்கும். இந்த ஊரில் பாதிப் பேர் அதையே வைத்திருப்பார்கள் என்பது படித்த எனக்கும் உறைக்கவில்லை.

இனி பரிமளா. உங்களுக்கு அவரைத் தெரியும், ஆனால் அவருடைய பழைய வேலை தெரிந்திருக்காது. ஜக்கார்டு தறியில் எந்த இழை எழும்ப வேண்டும், எது கிடக்க வேண்டும் என்பதைத் துளை போட்ட அட்டைகள் சொல்லும். கிராஃப் தாளைப் பார்த்து ஒருவர் கட்டம் கட்டமாக வாய்விட்டு வாசிக்க, இன்னொருவர் அட்டையைக் குத்துவார். பரிமளா வாசிப்பவர். "மூணு குத்து, ரெண்டு விடு, ஒண்ணு குத்து" என்று ஒரே சீராக நாள் முழுக்க வாசிப்பார். ஒரு கட்டம் தவறினால் அந்தத் தவறு புடவை நெடுகத் திரும்பத் திரும்ப வந்து நிற்கும். இருபது வருட வாசிப்பில் அவர் ஒரு கட்டமும் தவறியதில்லை என்று அட்டை குத்தியவர்களே சொல்வார்கள். பிறகு அவரே டிசைன் போட ஆரம்பித்தார். அவருடைய முதல் பெரிய டிசைன், கோயில் மண்டபத்தின் மூலையில் தொங்கும் கல் சங்கிலி. வளையம் வளையமாக அது பார்டரில் இறங்கி முந்தியில் போய்ச் சேரும். எட்டு மாத வேலை.

அதை முதலில் நெய்யக் கொடுத்தது ஏனாத்தூர்க் கிளையில் இருந்த நாகப்பனிடம். அந்த வாரம் பார்த்து அங்கே புதுக் கணினி வந்தது. டன்னல் போட்டால் இரண்டு நிமிடத்தில் அறுந்துவிடும். நாகப்பன் பாவு நூலைப் பூட்டிவிட்டுத் தறியில் காத்திருந்தார். காலையிலிருந்து நாலு முறை போன் செய்துவிட்டார். "சார், கைய கட்டிக்கினு எவ்ளோ நேரம் சார் குந்திக்கினு இருக்கிறது?" என்றார் கடைசியில். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. டன்னலாவது ஒன்றாவது என்று டேட்டாபேஸின் கதவை வெளியுலகத்துக்கு நேராகத் திறந்துவிட்டேன். மதியச் சாப்பாட்டுக்குள் மூடிவிடலாம் என்று எண்ணம். டிசைன் போய்ச் சேர்ந்தது, தறி ஓட ஆரம்பித்தது. அன்று தாமலில் என் தங்கை பேத்திக்குக் காதுகுத்து. பஸ்ஸைப் பிடிக்க ஓடினவன் கதவை மறந்தேன். பத்தொன்பது நாள் அது திறந்தே கிடந்தது.

நாகப்பனின் புடவை தறியிலிருந்து இறங்கும் முன்பே கல் சங்கிலி கடைவீதிக்கு வந்துவிட்டது. எங்கோ மெஷினில் அடித்த மலிவுத் துணியில், வளையத்துக்கு வளையம் அப்படியே இருந்தது. பரிமளா அந்தத் துணியை மையத்துக்குக் கொண்டு வந்து மேஜையில் விரித்தார். அழவில்லை. "ஃபைல் நாகப்பன் ஒருத்தர் கைக்குத்தான சார் போச்சு?" என்றார். நாகப்பன் கற்பூரம் ஏற்றிக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தார். பரிமளா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்தடுத்த தெருவில் வளர்ந்த இரண்டு பேர் அவர்கள். அன்றோடு பேச்சு நின்றது.

அன்று சாயந்திரம் நான் சர்வர் பதிவுகளைப் பார்த்தேன். திறந்து வைத்த பதினோராவது நாள், எந்த ஊர் என்றே தெரியாத முகவரியிலிருந்து யாரோ உள்ளே வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயிருந்தார்கள். பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு அரை மணி நேரம்கூடத் தேவைப்படவில்லை. கதவை மூடினேன், பாஸ்வேர்டை மாற்றினேன், வாயையும் மூடிக்கொண்டேன். வேலை போய்விடுமோ என்ற பயத்தைவிட, 'இவருக்கே தெரியவில்லையா' என்று நாலு பேர் கேட்பார்களே என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. கூலி வாங்க வரும் நாகப்பன் தலையைக் குனிந்துகொண்டு என் மேஜையைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட நினைப்பேன். சொல்லவில்லை. கேவலமான ஆளாக இருந்தேன்.

பரிமளா ஒரு வருடம் பென்சிலைத் தொடவில்லை. பிறகு திருப்பருத்திக்குன்றம் கோயில் கூரையில் இருக்கும் பழைய ஓவியங்களைப் பார்த்து மறுபடி ஆரம்பித்தார். மாதக்கணக்கில் அண்ணாந்து பார்த்துக் கழுத்து எலும்பு தேய்ந்து, கழுத்துப் பட்டை போட்டுக்கொண்டு திரிந்தார். டிசைன் முடிந்ததும் என்னிடம் இரண்டு விஷயம் சொன்னார். "சார், இது பென் டிரைவ்ல ஏறக் கூடாது. மெயில்ல போகக் கூடாது. சர்வர வுட்டு வெளிய வரவே கூடாது." இது ஒன்று. "இதுவும் போச்சுன்னா நான் இனிமே கோடு போட மாட்டேன்." இது இரண்டாவது. அதை நாகப்பன் தறிக்குக் கொடுக்கக் கூடாது என்று செயலாளரிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

சென்னையில் ஒரு பெரிய ஜவுளிக்கடை, கல்யாண சீசனுக்கான டிசைன்களைத் தேர்ந்தெடுக்க எங்களையும் கூப்பிட்டது. பதினொன்றரைக்கு எங்கள் முறை, பன்னிரண்டு மணிக்கு அடுத்தவர் முறை. பரிமளாவின் நிபந்தனைப்படி டிசைனைக் கையில் எடுத்துப் போக முடியாது. என் மடிக்கணினியிலிருந்து டன்னல் வழியாக நம் சர்வரில் இருப்பதை அங்கேயே திறந்து காட்டுவதாக ஏற்பாடு. அன்று பெருமாள் தேர். தேரடிப் பக்கம் விடிந்ததும் தெருவை அடைத்துவிடுவார்கள் என்பதால் நானும் செயலாளரும் விடியும் முன்பே பஸ் ஏறிவிட்டோம். கழுத்துப் பட்டையோடு பரிமளாவால் வர முடியவில்லை. அவர் வீடு மையத்துக்கு அடுத்த வீடு, சாவி அவரிடம் இருந்தது.

கடையின் கூட்ட அறையில் மூன்று பேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த அம்மாள்தான் முடிவு சொல்பவர். நான் கடையின் வைஃபையில் சேர்ந்து டன்னலைத் தொடங்கினேன். திரையில் ஒரு எச்சரிக்கை வந்தது. எதிர்முனையில் பேசுவது நான் பழகிய சர்வர் இல்லை, அதன் கைரேகை வேறாக இருக்கிறது, நம்பலாமா என்று கேட்டு, அந்தக் கைரேகையையும் காட்டியது. ஒவ்வொரு சர்வருக்கும் தனியாக உள்ள எழுத்து வரிசைதான் அது. நாற்பத்து மூன்று எழுத்துகள்.

செயலாளர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "யெஸ் போடுய்யா. போன வாரந்தான டிஸ்க்க மாத்தி எல்லாத்தையும் புதுசா போட்ட? அதான் கேக்குது."

அவர் சொன்னது சரியான காரணம். டிஸ்க்கை மாற்றியது நான்தான், புதிதாகப் போட்டால் கைரேகை மாறத்தான் செய்யும். புதுக் கைரேகையைக் குறித்து வைத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும், அதைச் செய்யாதது என் சோம்பேறித்தனம். விரல் அந்தப் பொத்தானுக்கு மேலே போய்விட்டது. எதிரே இருப்பவர்கள் காத்திருக்கிறார்கள், காரணமும் கையில் இருக்கிறது, அழுத்தினால் ஒரு நொடி. கல் சங்கிலிக்கும் என்னிடம் ஒரு நல்ல காரணம் இருந்தது. நாகப்பன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பதுதான் அது. விரலை எடுத்துவிட்டேன்.

"மன்னிக்கணும், பத்து நிமிஷம் வேணும்" என்றேன் அந்த அம்மாளிடம்.

"இன்னாய்யா பண்ணிக்கினு இருக்கிற?" என்று செயலாளர் பல்லைக் கடித்தார். நான் பரிமளாவுக்குப் போன் போட்டேன். பின்னால் தவில் சத்தமும் கூட்டத்தின் சத்தமும் காதை அடைத்தன.

"பரிமளாம்மா, மையத்துல கரென்ட் இருக்குதா?"

"தேரு வர்றதுக்கோசரம் கம்பிய கழட்டிட்டாங்க சார். இப்பத்தான் வந்துச்சு, அரை மணி நேரம் இருக்கும்."

சர்வர் மறுபடி தொடங்கும்போது தன் கைரேகையைத் திரையில் காட்டும்படி நான் வைத்திருந்தேன். நான் செய்த உருப்படியான காரியங்களில் அது ஒன்று. உள்ளே போய் அதை வாசிக்கச் சொன்னேன்.

"அய்யய்ய, இங்லீசு எழுத்தாச்சே. பெருசும் சின்னதுமா கலந்துக்கினு இருக்குது."

"கிராஃப் வாசிக்கிற மாதிரி வாசிம்மா."

அந்தப் பழைய குரல் வந்தது, அட்டை குத்தும் அறையில் நான் கேட்ட குரல். "பெருசுக்கு நிக்கிறதுன்னு சொல்றேன், சின்னதுக்கு உக்காந்ததுன்னு சொல்றேன். நாலு நாலா வாசிக்கிறேன், எழுதிக்குங்க. நிக்கிற கே, உக்காந்த எம், ஏழு, உக்காந்த டி. அடுத்த நாலு..."

போனை மேஜையில் வைத்துவிட்டு எழுதினேன். எதிரே இருந்த அம்மாளும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நாற்பத்து மூன்றும் முடிந்தது. "திருப்பி வாசிக்கவா?" என்று கேட்டுவிட்டு, நான் சொல்லாமலே முதலிலிருந்து மறுபடி வாசித்தார். ஒன்றும் மாறவில்லை.

என் திரையில் இருந்த கைரேகையோடு ஒப்பிட்டேன். முதல் எழுத்தே வேறு. இரண்டாவதும் வேறு. எதுவுமே ஒட்டவில்லை.

எதிர்முனையில் பேசிக்கொண்டிருந்தது நம் சர்வரே இல்லை. நான் சரி என்று அழுத்திப் பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தால், அது யார் வீட்டுக்கோ போய்ச் சேர்ந்திருக்கும். செயலாளரிடம் காட்டினேன். அவர் இரண்டு வரிகளையும் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

உண்மையில் நடந்தது என்னவென்று அப்போதே ஓரளவு புரிந்துவிட்டது. நமக்கு நிலையான இணைய முகவரி கிடையாது. கரென்ட் போய் வந்ததும் இணைய இணைப்புக்காரர்கள் தெருவில் எல்லோருக்கும் முகவரியைப் புதிதாகப் பங்கிட்டிருக்கிறார்கள். கோயில் வாசலில் விட்ட செருப்புகள் மாதிரி ஒருவருடையது இன்னொருவருக்குப் போயிருக்கிறது. நம் பழைய முகவரி போய்ச் சேர்ந்தது ஒரு கல்யாண மண்டபத்தின் கேமரா பெட்டிக்கு என்று பிறகு இணைய இணைப்புக்காரர் சொன்னார். அந்தப் பெட்டி யார் யார் கையில் இருந்ததோ, அதற்குள் யார் குடியிருந்தார்களோ, அது அந்தப் பெருமாளுக்குத்தான் வெளிச்சம்.

பரிமளாவை மையத்தின் வைஃபையில் போனைச் சேர்த்து, நம் புது முகவரியைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். சொன்னார். அந்த முகவரிக்கு டன்னலைத் தொடங்கினேன். மறுபடி அதே கேள்வி, நம்பலாமா என்று. இந்த முறை பென்சிலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டேன். நிற்கிற கே, உட்கார்ந்த எம், ஏழு. நாற்பத்து மூன்றும் ஒட்டின. சரி என்று அழுத்தினேன். பாதை திறந்தது.

மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. எட்டு நிமிடம்தான் இருந்தது. டிசைனைத் திரையில் விரித்தேன். கூரை ஓவியத்தில் வரிசையாக நிற்கும் பெண்கள் பார்டரில் கைகோத்துப் போனார்கள். அந்த அம்மாள் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "இப்ப போன்ல வாசிச்சாங்களே, அவங்க போட்டதா இது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "டிசைன இவ்ளோ பத்திரமா பாத்துக்கிறவங்க நீங்கதான். எங்களுக்கும் அதான் வேணும்" என்றார். அடுத்தவரின் முறை இருபது நிமிடம் தள்ளிப் போயிற்று. டிசைன் தேர்வானது.

செயலாளர் பஸ்ஸிலிருந்தே பத்துப் பேருக்குப் போன் போட்டுச் சொன்னார். எனக்குச் சந்தோஷம் முழுதாக இறங்கவில்லை. மறுநாள் காலை பரிமளா இனிப்போடு வந்தார். "சார், செயலாளர் யெஸ் போடுன்னு சொன்னப்ப நீங்க ஏன் போடல?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஏனாத்தூர்க் கணினி, காதுகுத்து, பத்தொன்பது நாள், பதிவுகளை நான் பார்த்த சாயந்திரம், ஒன்றையும் விடவில்லை.

பரிமளாவின் முகத்தில் சிரிப்பு போய் ரத்தம் ஏறியது. "அந்த மனுசன் சூடத்த அணைச்சாரே சார். கை பொத்துப் போச்சே. பாத்துக்கினுதான நின்னீங்க?" என்றார். இனிப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் வீட்டுப் பக்கம் திரும்பாமல், நாகப்பன் வீட்டுத் தெருவுக்குத் திரும்பினார்.

நிர்வாகக் குழு என்னைக் கூப்பிட்டு விசாரித்தது, கடிதம் எழுதி வாங்கிக்கொண்டது. நாகப்பனிடம் எல்லோர் முன்பாகவும் மன்னிப்புக் கேட்டேன். அவர், "அன்னிக்கு அவசரப்படுத்தினது நான்தான சார்" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், அதைத் தாங்க முடியவில்லை. பரிமளா மட்டும் என்னோடு நேராகப் பேசவில்லை. கேட்க வேண்டியதைச் செயலாளர் மூலம் கேட்டார். ஒரு மாதம் அப்படியே போயிற்று.

பிறகு ஒரு நாள் கிராஃப் தாள் ஒன்றைக் கொண்டு வந்து என் மேஜையில் வைத்தார். அன்று வாசித்த நாற்பத்து மூன்று எழுத்துகளும் நாலு நாலாக, கட்டத்துக்குள் இருந்தன. நிற்கும் எழுத்துக்குக் கீழே கட்டம் நிரம்பியிருந்தது, உட்கார்ந்த எழுத்துக்குக் கீழே காலி. "இத்த மாட்டுங்க. இது ரகசியம் இல்லன்னு நீங்கதான சொன்னீங்க? வர்றவங்க போறவங்க எல்லாரும் ஒப்பிட்டுப் பாக்கட்டும். மெசின் மாறுனா நான் வேற எழுதித் தர்றேன். யாரு உள்ள வரலாம்ன்ற லிஸ்டும் இனிமே என் கையிலதான் இருக்கணும்" என்றார். சரிம்மா என்றேன். அந்தக் கூரை டிசைனை நெய்தது யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாகப்பன் தறியில் அது இன்னும் ஓடுகிறது.

நான் ஓய்வு பெற்ற நாளில் மாலை போட்டார்கள், பட்டு வேட்டி கொடுத்தார்கள், செயலாளர் நிறையப் பேசினார். மறுநாள் காலை காபியைக் குடித்துவிட்டு, பழக்க தோஷத்தில் மடிக்கணினியைத் திறந்து டன்னலைத் தொடங்கினேன். கைரேகை ஒட்டியது. ஆனால் பாதை திறக்கவில்லை. அனுமதி இல்லை என்று ஒரே ஒரு வரி வந்தது. மறுபடி முயன்றேன். அதே வரிதான்.

உடனே போன் அடித்தது. பரிமளா.

"யாரோ முட்டிப் பாக்கிறாங்கன்னு இங்க காட்டுது. நீங்களா சார்?"

"நான்தாம்மா."

"நேத்து சாயந்திரமே உங்க பேர எடுத்துட்டேன். மாலைய கழட்டுறதுக்கு முன்னயே. தொறக்கலல்ல?"

"தொறக்கல."

இத்தனை வருட வேலையில் இப்படி ஒரு சந்தோஷம் எனக்குக் கிடைத்ததில்லை.

"அப்ப சரி. நாகப்பன் டீ வாங்கியாந்து வச்சிக்கினு உங்களுக்கோசரம் குந்திக்கினு இருக்காரு. வாசல் வழியா வாங்க சார்" என்றார்.